சுருள் சுற்ற ஒரு குழாய்

காலையில் அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான். முகம் துடைத்தான். படுக்கையில் ஒரு பாதியை மட்டும் தட்டிச் சரிசெய்தான். மறு பாதி கலைவதில்லை. சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டான். மைக்ரோவேவ் கதவைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தான். பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய சாம்பல் நிறத் தண்ணீர்க் குழாயை வைத்தான். கதவைச் சாத்தி ஒரு நிமிடத்துக்குத் திருகிவிட்டான். தட்டு சுற்றியது. தண்ணீரும் குழாயும் சுற்றின. அவன் கைகட்டி நின்று பார்த்தான். மணி அடித்ததும் குழாயை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தான்.

"என்ன மாப்பிள்ளை, வெந்துடுச்சா?"

மாமனார் பால் கிண்ணத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"லேசா வெதுவெதுன்னு இருக்கு மாமா."

"உப்பு போட்டீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. மாமனாரும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அவருக்குப் பால் சுட வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் இரண்டு ஆண்களுக்கும் இயக்கத் தெரிந்த ஒரே சமையல் சாதனம் அந்த மைக்ரோவேவ். அடுப்பும் இருந்தது. அதை இருவரும் தொடுவதில்லை. ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதும் இல்லை.

அவன் வானொலிப் பைத்தியம். பாட்டுக் கேட்கிற வகை இல்லை, பேசுகிற வகை. முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மேசையில் ஒரு பெட்டியையும் மொட்டைமாடியில் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு, முகம் பார்த்திராத மனிதர்களோடு "என் குரல் கேட்குதா, உங்க குரல் கேட்குது" என்று பேசிக்கொள்கிற வகை. "எதிர்வீட்டுக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிச்சா செருப்பைத் தேடுறீங்க. முந்நூறு மைல் தள்ளி இருக்கிறவர்கிட்ட மட்டும் வாய் காது வரைக்கும் போகுது" என்பாள் அவன் மனைவி.

போன மழைக்காலத்தில் மொட்டைமாடிக் கம்பி அறுந்து விழுந்தது. அதே வாரம் அவளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அது காய்ச்சல் இல்லை என்று பிறகு சொன்னார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் ஆன்டெனாவைப் பற்றிப் பேசினான். மாடியில் இடம் கம்மி, பாதி நீளக் கம்பிதான் கட்ட முடியும், மீதி நீளத்துக்குப் பதிலாக நடுவில் ஒரு செம்புக் கம்பிச் சுருளை வைத்து ரேடியோவை ஏமாற்ற வேண்டும், அந்தச் சுருளை ஏதாவது பிளாஸ்டிக் குழாயின் மேல்தான் சுற்ற வேண்டும், எந்த பிளாஸ்டிக் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது என்று நாள் முழுக்கப் பேசினான். மருந்து ஏற்ற வந்த நர்ஸ், "சார் பிளம்பரா?" என்று அவளிடம் கேட்டாள்.

"இல்ல சிஸ்டர். பயந்திருக்கார்" என்றாள் அவள்.

அவள் போன பிறகு வீட்டுக்காரருக்கும் வங்கிக்கும் ஆபீசுக்கும் எழுதித் தெரிவித்தான். எழுத்து அவன் தொழில். வீட்டு மின்சாதனங்களுக்குக் கையேடு எழுதிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்துக்கு மட்டும் அவன் தெரிவிக்கவில்லை.

கூட்டம் என்றால் மூன்று குரல்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். வந்தவுடன் அவரோடு வாதம் செய்பவர் ஒரு பேக்கரிக்காரர். லாரிக்குள்ளேயே ரேடியோ பொருத்திக்கொண்டு எந்தச் சாலையிலிருந்தோ இருமிக்கொண்டே பேசுபவர் லாரிக்காரர். நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது அந்த மூன்று குரல்கள்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் பேசி முடித்ததும், அவள் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து மைக்கில், "எல்லாருக்கும் வணக்கம்! சாப்பிட்டாச்சா?" என்பாள். மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். "தம்பி, உங்க பத்து நிமிஷத்தைப் பொறுத்துக்கிறதே அந்த ஒரு வணக்கத்துக்காகத்தான்" என்று பேக்கரிக்காரர் ஒருமுறை கூச்சமே இல்லாமல் சொன்னார்.

இனி மைக்கைத் தொட்டால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "வீட்ல அவங்க எங்கே?" அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டும். அந்த வரியை அவன் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தான். எழுவாய் வந்தது. பயனிலை வரவில்லை.

அதனால் அவர்களுடைய வாட்ஸப் குழுவில், "ஆன்டெனா விழுந்துவிட்டது. சுருள் சுற்ற எந்த பிளாஸ்டிக் நல்லது?" என்று மட்டும் எழுதிப் போட்டான். அன்றிலிருந்து அவர்கள் அவனைச் 'சுருள்' என்றே கூப்பிட்டார்கள். சுருள் சார், சுருள் தம்பி. அவளைப் பற்றி மாதக்கணக்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எத்தனை வணக்கம் வாங்கிக்கொண்டவர்கள்!

சுருள் தயாரானால் பேச வேண்டும். பேசினால் சொல்ல வேண்டும். அவனுக்கு அந்தக் கூட்டத்துக்குத் திரும்பிப் போகவும் வேண்டியிருந்தது, போகாமல் இருக்கவும் வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவனுக்கு பிளாஸ்டிக் ஆராய்ச்சியைப் போலத் தோதான தொழில் வேறு கிடையாது.

சாம்பல் குழாயில் அழகாகச் சுருளைச் சுற்றி முடித்த பிறகுதான், மைக்ரோவேவ் சோதனை என்று ஒன்று இருப்பதை டாக்டர் சொன்னார். குழாய் சூடானால் அது ரேடியோவின் சக்தியைத் தின்கிறது என்று அர்த்தமாம். மிச்சத் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு, "வெதுவெதுப்பு" என்று குழுவில் எழுதினான்.

டாக்டரின் குரல் செய்தி உடனே வந்தது. பின்னணியில் யாருடைய பல்லோ துளைபட்டுக்கொண்டிருந்தது.

"வெதுவெதுப்பா? போச்சு சுருள் சார். வெளியில சின்னதா சொத்தை தெரிஞ்சா உள்ளே பெருசா இருக்குன்னு அர்த்தம். அந்தக் குழாயை முதல்ல தூக்கிப் போடுங்க. அம்மா, வாயை இன்னும் நல்லாத் திறங்க."

அவன் சுருளைத் தூக்கிப் போடவில்லை. செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். ஒரே ஒருமுறை மாடியில் மாட்டிப் பார்த்திருக்கலாம். மாட்டவில்லை. படித்தவன் இல்லையா, கருத்துக் கேட்டால் போதும் அவனுக்கு.

"அக்ரிலிக் வாங்குங்க தம்பி" என்றார் பேக்கரிக்காரர். "என் கடை ஷோகேஸ் அதுதான். எத்தனை வருஷமா கேக்கைப் பார்த்துக்கிட்டே நிக்குது, ஒரு கீறல் இருக்கா?"

அக்ரிலிக் குழாய் பெயர்ப்பலகை செய்கிற கடையில் கிடைக்கும் என்றார்கள். போனான். கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன சார் எழுதணும்?"

"எதுவும் எழுத வேண்டாம். குழாய் மட்டும் போதும்."

"குழாய்ல எழுதினா எழுத்து வளையும் சார். பலகையில எழுதிடலாம்."

"எழுதவே வேண்டாம்."

"எழுத வேண்டாம்னா எதுக்கு சார் போர்டு கடைக்கு வந்தீங்க?"

நியாயமான கேள்வி. அவன் குழாயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

கம்பி நுனியைச் செருக ஓட்டை போட வேண்டும். சாப்பாட்டு மேசையில் குழாயைப் படுக்கவைத்து துளைக்கும் கருவியை எடுத்தான். மாமனார் எதிரில் வந்து உட்கார்ந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். யார் எதை இறக்கினாலும் அவர் கை தானாக மேலே போய்விடும்.

"மெதுவா… மெதுவா… அப்படியே… இன்னும் ஒரு நூல்… வரட்டும், வரட்டும்…"

"மாமா, நானே பார்த்துக்கிறேன்."

"நீங்க பாருங்க, யார் வேணாம்னது? மெதுவா… வலது பக்கம் கொஞ்சம்… நிறுத்து!"

அந்த 'நிறுத்து'க்குத் துறைமுகத்தில் கப்பலே நின்றிருக்கும். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டதில் கருவி சறுக்கியது. குழாய் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சடசடவென்று கீறிக்கொண்டு போய், இரண்டாகப் பிளந்து விழுந்தது.

மாமனார் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "பசை போட்டா தெரியாது மாப்பிள்ளை."

"அக்ரிலிக்கா?" என்றார் டாக்டர் அடுத்த செய்தியில். "எந்தப் புண்ணியவான் சொன்னது? பல்செட்டே நாங்க அதுலதான் பண்றோம். தாத்தாங்க தும்மினா கழன்று விழுந்து ரெண்டாப் போகும். பாலிஎத்திலீன் தேடுங்க சார். வெள்ளையா, காய் நறுக்கிற பலகை இருக்குமே, அதுதான். ரேடியோவுக்கு அது அமிர்தம்."

பலகை வீட்டிலேயே இருந்தது. கொக்கியில் தொங்கியது. முழுக்க அவள் போட்ட கத்திக் கோடுகள். ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு ரம்பத்தை எடுத்து நீளவாக்கில் பட்டைகளாக அறுத்தான். பட்டைகளைக் கூண்டு போலச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கம்பியைச் சுற்றினான். கத்திக் கோடுகள் இருந்த பக்கத்தை உட்புறமாக வைத்தான். மழை படாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. கோடுகளுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றவில்லை.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, பலகையைக் காணோமே?"

"சுருளா ஆயிடுச்சு மாமா."

"நான் தக்காளியை எதுல வெட்ட?"

"ஒரு நாள் சமாளிங்க மாமா."

மாமனார் தன் பழைய கிரேன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதன் உச்சியில் தக்காளியை வைத்து வெட்டினார். பாதித் தக்காளி ஹெல்மெட்டில் நின்றது. பாதி உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போனது. ஒரு வார்த்தை பேசாமல், நின்ற பாதியை ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார். அந்த மௌனம் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அப்போது பேக்கரிக்காரரின் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெள்ளை பிளாஸ்டிக்கை வெயில்ல வச்சா அவ்வளவுதான் தம்பி. ஊறின பிஸ்கெட் மாதிரி உதிரும். டாக்டருக்கு என்ன தெரியும், அவர் வேலையெல்லாம் வாய்க்குள்ளே, வெயிலே படாத இடம். கறுப்பு வாங்குங்க. கறுப்புதான் வெயில் தாங்கும்."

இந்த முறை லாரிக்காரரும் ஒரு செய்தி அனுப்பினார். அவர் பொதுவாக அதிகம் பேசமாட்டார். "சுருள் தம்பி…" என்று ஆரம்பித்து, இருமி, வெகுநேரம் இன்ஜின் சத்தம் மட்டும் வந்து, கடைசியில், "ஒண்ணும் இல்ல. கறுப்பே வாங்கிடுங்க" என்று முடிந்தது.

கறுப்புக் குழாயை அவன் மைக்ரோவேவில் வைத்தபோது மாமனார் பக்கத்தில்தான் இருந்தார், கிண்ணத்தோடு, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உள்ளே ஒரு நீலப் பொறி. பிறகு பொறிகள். பிறகு திருமண வீட்டில் போட்டோ எடுப்பது போல அறை முழுக்கப் பளிச் பளிச்சென்று வெளிச்சம். அவன் பாய்ந்து நிறுத்துவதற்குள் கண்ணாடித் தட்டு டப்பென்று விரிசல் விட்டது. கதவைத் திறந்ததும் புகை நிதானமாக வெளியே வந்து, இருவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வரவேற்பறைக்குப் போனது.

மாமனார் ஜன்னலைத் திறந்தார். கிண்ணத்தை மேடையில் வைத்தார்.

"இது என்ன சோதனை மாப்பிள்ளை? குழாய் பாஸா பெயிலா?"

"பெயில் மாமா."

"நாம?"

விரிசல் தட்டோடு மைக்ரோவேவ் அதற்குப் பிறகும் ஓடியது. ஆனால் பாலில் புதிதாகப் போட்ட தார் ரோட்டின் மணம் வந்தது. ரொட்டியிலும் வந்தது. முட்டையிலும் வந்தது.

அன்று ஆபீசில் மேலாளர் மேடம் அவனைக் கூப்பிட்டார். புது மைக்ரோவேவ் ஒன்றுக்கு அவன் எழுதிக்கொடுத்த கையேடு அவர் முன்னால் விரிந்திருந்தது.

"'உள்ளே வைக்கக் கூடாதவை'ன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. ஓடு உரிக்காத முட்டை, வெள்ளித்தாள், சரி. அதென்ன 'கறுப்பு நிறக் குழாய்கள்'? 'பெயர்ப்பலகைத் துண்டுகள்'?"

"எச்சரிக்கைக்காக மேடம்."

"குழாயை எந்த மடையன் அடுப்புக்குள்ள வைப்பான்?"

"வைப்பான் மேடம்" என்றான் அவன் உறுதியாக.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவள் போனதிலிருந்து ஆபீசில் எல்லோரும் அவனை அப்படித்தான் பார்த்தார்கள், மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை, பிறகு "சரி, இருக்கட்டும்" என்று ஒரு விட்டுக்கொடுத்தல். கையேடு அப்படியே அச்சுக்குப் போனது.

கறுப்புக்குள் கரி கலந்திருப்பது தெரியாதா என்று டாக்டர் பேக்கரிக்காரரைப் பிடித்துக்கொண்டார். நைலான் போடலாமே என்றார் பேக்கரிக்காரர். அந்த ஞாயிறு காலைக் கூட்டம் முழுக்க அதுவே ஓடியது. திரைச்சீலைக் கம்பியில் ஒரு வயரைச் சுற்றி வைத்திருந்ததால் அவனால் பேசத்தான் முடியாதே தவிர, கேட்க முடிந்தது.

"நைலான் தண்ணி குடிக்கும் ஐயா! மழையில நனைஞ்சா பஞ்சு மாதிரி உறிஞ்சும்."

"உங்க ஊர் நைலான் குடிக்கும். எங்க ஊர் நைலான் குடிக்காது."

"நைலானுக்கு ஏதய்யா ஊர்?"

மாமனார் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இவங்களுக்கெல்லாம் குடும்பம் குட்டி கிடையாதா மாப்பிள்ளை? லீவு நாள் அதுவுமா உங்க குழாய்க்கு இப்படி அடிச்சுக்கிறாங்க."

"பொழுது போகாதவங்க மாமா."

"அதான் உங்களுக்கு ஒத்துப்போகுது."

கடைசியில் தீர்ப்பு கண்ணாடி நார்க் குழாய், அதாவது ஃபைபர்கிளாஸ், என்று வந்தது. அது சூடும் ஆகாது, அதை வெயிலும் ஒன்றும் செய்யாது, தண்ணீரும் குடிக்காது. மூன்று பேரும் ஒருமனதாகச் சொன்ன ஒரே குழாய். அதைச் சொல்லும்போது டாக்டரின் குரல் மட்டும் சற்றுக் கம்மியிருந்தது போல அவனுக்குத் தோன்றியது. தூரத்து ஒலிபரப்பில் அப்படி ஆவது சகஜம்.

உடைந்த கூடாரம் ஒன்றின் கண்ணாடி நார்க் கால் அவனுக்குக் கிடைத்தது. முனை சொரசொரப்பாக இருந்தது. பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தான். வெள்ளைப் பொடி காற்றில் பறந்தது. பால்கனிக் கொடியில் மாமனாரின் பனியன்களும் துண்டும் அவனுடைய ஆபீஸ் சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன. பொடி என்றால் பொடி என்றுதான் நினைத்தான். அது கண்ணாடி என்பது பெயரிலேயே இருந்தது.

அதற்கடுத்த நாட்கள் சொறிதலில் கழிந்தன. மாமனார் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு செய்தித்தாள் படித்தார். அவன் ஆபீஸ் கூட்டத்தில் கழுத்து, இடுப்பு, முழங்கை என்று முறை வைத்துச் சொறிந்தான். மேலாளர் மேடம், "சரி, இருக்கட்டும், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். துணிகளைத் துவைத்தால் போகும் என்று மெஷினில் போட்டான். மெஷினிலிருந்து நார் மற்ற துணிகளுக்கும் போனது. போர்வைக்கும் போனது. அவள் பக்கத்துத் தலையணைக்கு மட்டும் போகவில்லை, அதை அவன் துவைப்பதில்லை.

ஞாயிறு காலை மாமனார் வெடித்தார்.

பால் கிண்ணத்தை மைக்ரோவேவிலிருந்து எடுத்தார். முகர்ந்தார். கழுத்தைச் சொறிந்தார். தொட்டியில் கொட்டினார்.

"போதும் மாப்பிள்ளை! பால்ல ரோடு போட்டீங்க, குடிச்சேன். ஹெல்மெட்ல தக்காளி வெட்டினேன். இப்போ பனியனுக்குள்ள கண்ணாடிக் கடையே இருக்கு. கப்பல்ல வந்த சரக்கை ஒரு தடவைதான் எடைபோடுவோம். நீங்க ஒரு குழாயை வச்சுக்கிட்டு மாசக்கணக்கா எடை போட்டுக்கிட்டே இருக்கீங்க!"

"கண்ணாடி நார் இன்னும் சுத்தி முடிக்கலை மாமா, அடுத்த வாரம்…"

"அடுத்த வாரம் அவங்க இதுவும் சரியில்லைம்பாங்க!"

விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். செருப்பு அலமாரியின் மேல்தட்டில் கையைவிட்டு, முதன்முதலில் சுற்றிய சாம்பல் குழாய்ச் சுருளை எடுத்தார். தூசியை ஊதினார்.

"மாமா, அது வெதுவெதுப்பு."

"நானும்தான் வெதுவெதுப்பு. இன்னும் உயிரோடதானே இருக்கேன்? ஒண்ணு இன்னிக்கு இது வேலை செய்யணும், இல்லைன்னா சாயங்கால வண்டிக்கு நான் கிளம்பணும்."

அவர் மாடிப்படி ஏறிய வேகம் அந்த வயதுக்குரியது இல்லை. அவன் கம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். வாழ்நாள் முழுக்க உயரத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர். தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் நின்று, பிடித்துக்கொள்ளாமல், முடிச்சுப் போட்டார். "இழுங்க… இழுங்க… மெதுவா… கட்டுங்க!"

கீழே வந்து பெட்டியைப் போட்டான். எவ்வளவு சக்தி வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. திரும்பி வருவது அதிகமென்றால் சுருள் சரியில்லை. அவன் பட்டனை அழுத்தினான். திரும்பி வருவதைக் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை. தூங்குகிறதோ என்று கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். இல்லை. சுருள் அத்தனை சரியாக இருந்தது. இத்தனை மாதமும் செருப்பு அலமாரியில் அத்தனை சரியாகவே இருந்திருக்கிறது.

இனிச் சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் கைவசம் இல்லை.

கூட்டம் நடந்துகொண்டிருந்தது. டாக்டரும் பேக்கரிக்காரரும் கண்ணாடி நாரில் கம்பி வழுக்குமா வழுக்காதா என்று மோதிக்கொண்டிருந்தார்கள்.

"பேசுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

இடைவெளி பார்த்து, லைசென்ஸோடு கொடுத்திருந்த தன் அழைப்புக் குறியைச் சொன்னான்.

பெட்டியில் இரைச்சல் மட்டும் வந்தது.

"யாரது? சுருளா?" என்றார் டாக்டர், திருடன் வந்தது போல.

"நான்தான் டாக்டர். கேட்குதா?"

"கேட்குது. ரொம்ப… ரொம்ப நல்லாவே கேட்குது. எப்படி? எந்தக் குழாய்?"

"முதல்ல சுத்தினேனே, சாம்பல் பிவிசி. அதையே மாட்டிட்டோம்."

மறுபடியும் இரைச்சல். பிறகு பேக்கரிக்காரர், மைக்கை அணைக்க மறந்து, "போச்சு டாக்டர், மாட்டிட்டாரு" என்று முணுமுணுப்பது தெளிவாகக் கேட்டது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது நல்ல குழாயா, இல்லையா?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நல்ல குழாய்தான் சார். நம்ம ரேடியோ சக்திக்கு எந்தக் குழாயுமே போதும். நாங்க மூணு பேரும் அந்தச் சாம்பல் பைப்லதான் சுத்தி வச்சிருக்கோம்."

"அப்புறம் எதுக்குத் தூக்கிப் போடச் சொன்னீங்க?"

யாரோ மைக்கைப் போட்டு உடனே அணைத்தார்கள்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களுக்கு அவன் வேண்டியதில்லை. அவன் பத்து நிமிடம் வேண்டியதில்லை. வேண்டுமென்றே மாதக்கணக்கில் அவனைப் பலகையை அறுக்கவும் அடுப்பை எரிக்கவும் விட்டு, இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோபம் வந்தது. அவள் போனதிலிருந்து அவனுக்குள் எழுந்த முதல் சூடு அதுதான். பட்டனை விரல் வெளுக்க அழுத்தினான்.

"நான் வர்றது பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம். என் பேச்சு அறுவைதான், எனக்கே தெரியும். நீங்க யாருக்காகப் பொறுத்துக்கிட்டீங்களோ அவங்க இனிமே வணக்கம் சொல்ல மாட்டாங்க. அவ செத்துப்போயிட்டா. என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா. போதுமா?"

பட்டனை விட்டான். பயனிலை வந்துவிட்டது. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், சொறிவதைக்கூட நிறுத்திவிட்டார்.

இன்ஜின் சத்தம் ஒன்று இரைச்சலுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. லாரி ஓரம்கட்டி நிற்கும் சத்தம். பிறகு இருமல்.

"தம்பி" என்றார் லாரிக்காரர். "எங்களுக்குத் தெரியும் தம்பி. அப்பவே தெரியும். ஆஸ்பத்திரியில நீங்க ஜூஸ் வாங்கக் கீழே போனப்போ அவங்க உங்க போன்லேருந்து எனக்குப் பேசினாங்க. அடுத்த நடைக்கு நான் அந்தப் பக்கம் வந்து ஆஸ்பத்திரியில விசாரிச்சப்போ நர்ஸ் விஷயத்தைச் சொல்லிச்சு. பொய் சொல்றது எனக்கு வராது, டாக்டரைத்தான் பேச விட்டேன். இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. போனை வைக்கிறதுக்கு முன்னாடி அவங்க கடைசியாச் சொன்னது இதுதான்: 'அண்ணே, இவர் மனுஷங்களோட வாயைத் திறக்கிறது இந்தச் சுருள் விஷயத்துக்கு மட்டும்தான், அது முடிஞ்சுட்டா மூடிக்குவார், அதனால எந்தக் குழாயைக் கொண்டுவந்தாலும் சரியில்லைன்னே சொல்லுங்க.'"